தொண்ணூற்று நாலு கிலோவுக்கு ஒரு ஹம்மாக்

அரையாண்டு லீவுக்கு ஏற்காடு போயிருந்தோம். போன அன்றே என் தம்பி சரவணன் ஹம்மாக்கிலிருந்து விழுந்தான். பெரிய அடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் அவன்மேல் இரக்கம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

ஹம்மாக் தெரியும்தானே? இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, ஏறிப் படுத்துக்கொள்ளும் துணிப் படுக்கை. விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் அதில் படுத்து, ஒற்றைக் காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு புத்தகம் படிப்பாள். எப்போதும் ஒல்லியான பெண்தான். குண்டான பெண்கள் புத்தகம் படிப்பதில்லை போலிருக்கிறது!

கிளியூர் பக்கம் தம்பியின் நண்பருக்குச் சின்னதாக ஒரு காபி எஸ்டேட் இருக்கிறது. அதற்குள் இரண்டு அறை கெஸ்ட் ஹவுஸ். தம்பி, அவன் மனைவி கவிதா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். இவ்வளவுதான் கூட்டம். என் கணவர் வரவில்லை. வந்திருந்தாலும் மரத்தின் பக்கம்தான் பேசியிருப்பார்.

தம்பி ஆன்லைனில் ஒரு ஹம்மாக் வாங்கி வந்திருந்தான். நைலான் கயிறு போட்டு, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டினான். எப்படிக் கட்டினான்? நம் வீடுகளில் துணி காயப்போடக் கொடி கட்டுவோமே, அப்படி. தொய்யக் கூடாது, விறைப்பாக நிற்க வேண்டும் என்று காலை மரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்துக் கட்டினான். கட்டி முடித்துக் கயிற்றை விரலால் சுண்டினான். டொய்ங் என்றது. அவனுக்கு ஒரே பெருமை.

பிள்ளைகள் ஏறினார்கள், ஆடினார்கள், இறங்கினார்கள். அடுத்து நான் போய் நின்றேன்.

"அக்கா, உனக்கு வேண்டாம். சேர் எடுத்தாறேன், இரு."

குரலில் அன்புதான். அதுதான் இன்னும் எரிச்சல். பிள்ளைகள் இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. எனக்குப் பின்னால் நின்றிருந்த கவிதா மெதுவாக இரண்டடி பின்னால் போனாள். அவளும் என் கட்சிதான். எண்பது கிலோவைத் தாண்டியவள். "எனக்கு இதெல்லாம் புடிக்காதுங்க அண்ணி" என்றாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவே இல்லை. கேட்பதற்குள் பதில் சொல்லிவிட்டாள்.

நான் சேரில் உட்கார்ந்தேன். தம்பி ஹம்மாக்கில் ஏறிப் படுத்தான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது... பட்டென்று ஒரு சத்தம். ஆள் தரையில்.

எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கினோம். முதுகைத் தேய்த்துக்கொண்டே எழுந்தவன், கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு வாக்கியங்கள் சொன்னான்.

"மட்டமான கயித்தைக் குடுத்து ஏமாத்திட்டானுங்க." இது முதல் வாக்கியம்.

"நல்ல வேளை, அக்கா ஏறலை." இது இரண்டாவது.

பாருங்களேன்! விழுந்தது அவன். அவன் எடை அறுபத்திரண்டு கிலோ. கட்டியதும் அவன். ஆனால் ஒல்லியானவர் விழுந்தால் தப்பு கயிற்றுடையது. அதே கயிறு எனக்குக் கீழே அறுந்திருந்தால்? கயிற்றைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசியிருப்பார்களா? இந்நேரம் எனக்கு டயட் சார்ட் வந்திருக்கும். வாக்கிங் ஷூ வந்திருக்கும்.

வாசகர்களே, என் எடை தொண்ணூற்று நாலு கிலோ. இத்தனை வருடங்களாக இந்தப் பக்கத்தில் என் கோபம், என் கடன், என் மாமியார் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்காருவதற்கு முன்னால் அதன் காலைக் கையால் அழுத்திப் பார்க்கிறவள் நான். ஷேர் ஆட்டோவில் நான் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் விடும் பெருமூச்சு எனக்குத் தெரியும். பார்க் ஊஞ்சலில் உட்கார்ந்து நாற்பது வருடம் ஆகிறது. யாரும் தடுக்கவில்லை. கவிதா மாதிரி நானே இரண்டடி பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று இரவே தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

"பொங்கல் முடிஞ்சு இதே இடத்துக்கு வரோம். நான் ஹம்மாக் கொண்டாறேன். நான் கட்டறேன். நான் படுக்கறேன்."

"அக்கா, இந்த வயசுல விழுந்து இடுப்பு கிடுப்பு ஒடைஞ்சா என்ன பண்றது?"

"விழுந்தா அதுக்கப்புறம் நீ காட்டற சேர்ல உக்காந்துக்கறேன். ஆயுசுக்கும். விழலைன்னா கவிதா ஏறும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது."

கவிதா நிமிர்ந்து பார்த்தாள். தம்பி சிரித்துக்கொண்டே சரி என்றான். தோற்கப்போகிறோம் என்று தெரியாத சிரிப்பு. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது தெரியாது.

சேலத்தில் மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. அங்கே போனேன்.

"யாருக்குங்க மேடம்? பசங்களுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"வெயிட் எவ்வளவுங்க?"

கடையில் கூட்டம். பின்னால் இரண்டு காலேஜ் பையன்கள், ஒரு குடும்பம். நான் டாக்டரிடமே இரண்டு கிலோ குறைத்துச் சொல்கிறவள். மூச்சை இழுத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "தொண்ணூத்தி நாலு!"

யாரும் திரும்பவில்லை. ஒருவர்கூட! காலேஜ் பையன்கள் டார்ச் லைட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடம் ஒளித்துவைத்த ரகசியத்துக்கு இவ்வளவுதானா மரியாதை? எனக்கு லேசாக ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு பையை எடுத்தார். "இதுல இருநூறு கிலோன்னு போட்டிருக்குதுங்க. அது ஆடாம அசையாம கிடந்தாத்தானுங்க. நாம ஏறுவோம், இறங்குவோம், புரளுவோம். அதனால நம்ம எடையைப் போல ரெண்டு பங்கு தாங்கறதாப் பாத்து எடுத்துக்கணும். எனக்கும் இதே கணக்குதானுங்க."

எனக்கும் இதே கணக்கு! அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் கடையில் இன்னும் நாலு சாமான் வாங்கலாம் போலிருந்தது.

அகலம் பார்க்கச் சொன்னார். ஆறடி அகலம், பத்தடி நீளம் இருந்தால்தான் கோணலாகப் படுத்து முதுகை நேராக வைத்துக்கொள்ள முடியுமாம். இரண்டு முனையிலும் கட்டை வைத்து விரித்த ஒரு ஹம்மாக் அழகாக இருந்தது. அதைத் தொட்டேன். "அது ஆளைக் கவுத்து விட்ருங்க" என்று தள்ளி வைத்தார். கயிறே வேண்டாம், மரத்தைச் சுற்றிப் போட இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாத பட்டையான பெல்ட் வாங்குங்கள் என்றார். கொக்கியிலும் எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருக்க வேண்டுமாம். படுக்கை தாங்கி, கொக்கி தாங்காவிட்டால் என்ன பிரயோஜனம்?

அப்புறம் தம்பி கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு பெல்ட்டை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மறு முனையை அவர் பிடித்தார். நடுவில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனை மாட்டினார்.

"தொங்க விடுங்க. கனமா இருக்குதுங்களா?"

"இல்லையே."

"இப்ப இழுத்து நேராக்குங்க பாக்கலாம்."

இழுத்தேன். இன்னும் இழுத்தேன். உள்ளங்கை எரிந்தது, தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. பெல்ட் நேராகவே இல்லை. கேன் அதே கேன்தான், அதே தண்ணீர்தான்.

"விறைப்பா கட்டினா மரத்துக்கும் கயித்துக்கும் இதே பாடுதானுங்க. உங்க தம்பி கட்டின மாதிரி கட்டினா ஒவ்வொரு பக்கத்துக் கயித்துக்கும் ஆளு எடையைப் போல மூணு பங்கு விழும். பார்க்குல சறுக்கு மரம் இருக்குதில்லைங்க, அந்தச் சரிவுல பெல்ட் இறங்கி வரணும். அப்படின்னா ஒவ்வொரு பக்கமும் நம்ம எடை அளவு தாங்கினாப் போதும்."

நான் மனக்கணக்குப் போட்டேன். அறுபத்திரண்டு, மூன்று பங்கு... நூற்று எண்பத்தாறு! அன்றைக்கு அந்தக் கயிற்றைப் பொறுத்தவரை என் தம்பி என்னைப் போல இரண்டு பங்கு குண்டு. கடையிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதற்கு மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போன சனிக்கிழமை மறுபடி ஏறினோம். அடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்று குப்பனூர் வழியாகப் போனோம். அதே எஸ்டேட், அதே ஆட்கள். காபிப் பழம் பறிக்கும் சீசன் என்பதால் செடிகளுக்கு நடுவே பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் நேராகப் போய் இரண்டு சில்வர் ஓக்கைப் பிடித்தேன். தம்பி கட்டிய அதே மரங்கள். வீம்புதான், வேறென்ன? அவன் விழுந்த இடத்தில் நான் படுக்க வேண்டும். பெல்ட்டைச் சுற்றப் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்கம்மா, அதுல கட்டாதீங்க!"

இடுப்பில் பறிகூடையோடு ஒரு பெண் நின்றிருந்தார். பழனியம்மாள் என்று பெயர். அந்த எஸ்டேட்டில் காபி பறிக்கிறவர். என் வயதுதான் இருக்கும்.

"மொளகுக் கொடி ஏத்தியிருக்குது பாருங்க. போன மாசம் யாரோ கயித்தைக் கட்டி இறுக்கிப் போட்டாங்க. ஒரு கொடி பட்டே போச்சுங்க."

யாரோ என்பவர் நாலடி தள்ளி நின்று ஆகாயத்தைப் பார்த்தார். மரத்தைச் சுற்றி ஏறியிருந்த மிளகுக் கொடியில் ஒரு பக்கம் பச்சையாகக் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. இன்னொரு பக்கம் இலை சருகாகித் தொங்கியது. ஒருவருடைய வருட விளைச்சல்மேல் படுக்கை கட்டப் பார்த்தேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அந்த மரத்துக்குத் தலையைப் பாருங்க. நொம்பப் பேரு அடியைத்தான் பாக்கறாங்க" என்றார் பழனியம்மாள். பார்த்தேன். இன்னொரு மரத்தின் உச்சியில் முறிந்த காய்ந்த கிளை ஒன்று, விழுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் நான் தலை வைத்திருப்பேன்.

"அப்ப எதுல கட்டறதுங்க?"

அவர் பாதையோரம் நின்ற பலா மரத்தைக் காட்டினார். "நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து இந்தப் பலாவுலதானுங்க பழ மூட்டைக்குத் தராசு தொங்குது. எம்புள்ளைங்களுக்குத் தூளி கட்டினதும் இதுலதான். பச்சை மரம், ஒண்ணும் ஆவாதுங்க."

பலாவிலிருந்து ஐந்து எட்டு எடுத்து வைக்கும் தூரத்தில், கொடி ஏற்றாத தடித்த சில்வர் ஓக் ஒன்று இருந்தது. இரண்டு கையாலும் பிடித்தால் விரல்கள் எட்டவில்லை. பழனியம்மாள் அடிமரத்தைத் தட்டி, முசுறு எறும்பு ஏறுகிறதா என்று பார்த்தார். கீழே கிடந்த கல்லையும் நீட்டிக்கொண்டிருந்த காபிக் கட்டையையும் தம்பியிடம் சொல்லி அகற்ற வைத்தேன். பெல்ட்டை என் தலை உயரத்துக்கு மேலே இரண்டு மரத்திலும் சுற்றினேன். சறுக்கு மரச் சரிவு. நடுப்பகுதி நாற்காலி உயரத்துக்கு வந்தது.

"என்னக்கா, இப்படித் தொள தொளன்னு தொங்குது? இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு" என்றான் தம்பி.

"பெல்ட்டைத் தொட்ட, கையை ஒடைச்சிருவேன்."

ஆனாலும் ஏறத் துணிவில்லை. கடைக்காரர் சொல்லட்டும், லேபிள் சொல்லட்டும். உடம்பு நம்ப வேண்டுமே! நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டுப் பழனியம்மாள் கேட்டார்.

"மூட்டை ஏத்திப் பாக்கலாங்களா?"

காலையில் பறித்த பழ மூட்டைகள் பலா அடியில் கிடந்தன. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். ஹம்மாக்கின்மேல் ஒரு தார்ப்பாயை விரித்து, தம்பியும் அவரும் ஒரு மூட்டையை மெதுவாக இறக்கினார்கள். பிறகு இன்னொன்று. தம்பிக்கு மூச்சு வாங்கியது. பெல்ட் கிர்ரென்று இறுகி, மரத்தில் அழுந்தி நின்றது. பழனியம்மாள் மூட்டைகளைத் தொட்டில் ஆட்டுவதுபோல் இரண்டு ஆட்டு ஆட்டினார். நூறு கிலோவுக்கு மேல் சுகமாக ஆடியது. ஒருவரும் வாயைப் பொத்திச் சிரிக்கவில்லை. மூட்டையைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

மூட்டைகளை இறக்கினார்கள். என் முறை.

"கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" என்று பழனியம்மாளிடம் கேட்டேன்.

"நான் எதுக்குங்க? மரம் புடிச்சுக்கும்."

துணியை விரித்து நடுவில் உட்கார்ந்தேன். பாதங்கள் தரையை விடமாட்டேன் என்றன. கவிதா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தம்பி சேரைப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். அந்தச் சேரைப் பார்த்ததும் வந்த கோபம்தான் என் காலைத் தூக்கியது. ஒரு கால், இன்னொரு கால். கோணலாகச் சாய்ந்தேன்.

பெல்ட் முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது மேலே பலா இலைகள், இடுக்கில் மூடுபனி. முதுகுக்குக் கீழே எதுவும் அழுத்தவில்லை. என்னை யாரும் சுமக்கிறார்கள் என்ற கூச்சமில்லை, யாருடைய இடத்தையும் அடைத்துக்கொண்டேன் என்ற குற்ற உணர்ச்சி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "அத்தை, ஆட்டி விடட்டுமா?" என்றார்கள். ஆட்டி விடுங்கள் என்றேன்.

இறங்கியதும் பழனியம்மாளைக் கூப்பிட்டேன். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஆரம்பித்திருந்தது.

"நீங்களும் படுத்துப் பாருங்க."

"அய்யோ, இதுல நாங்க புள்ளைங்களைப் போடறதுதானுங்க. நாங்க படுத்ததில்லைங்க" என்றார். அப்புறம் தூக்குவாளியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். பழக்கப்பட்டவர்போல ஒரே மூச்சில் ஏறிப் படுத்து, காலை நீட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எஸ்டேட் ரைட்டர் அந்தப் பக்கம் வந்தார். வேலை பார்க்கிறவர்களை மேய்க்கிறவர். நின்று பார்த்தார்.

"என்ன பழனியம்மா இது?"

"சாப்பாட்டு மணிங்க. இன்னும் இருபது நிமிசம் இருக்குதுங்க" என்றார் பழனியம்மாள். படுத்துக்கொண்டே சொன்னார். எழுந்திருக்கவும் இல்லை, முந்தானையைச் சரிசெய்யவும் இல்லை. ரைட்டர் வாட்சைப் பார்த்தார். பிறகு பாதையோடு போய்விட்டார். அந்த நிமிடம் பழனியம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

கடைசியில் கவிதா. யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நடுவில் உட்கார்ந்தாள். தம்பி வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்தேன். மூடிக்கொண்டான். கவிதா கால்களைத் தூக்கிக் கோணலாகப் படுத்து, துணியின் இரண்டு ஓரத்தையும் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே சிரிக்கிறாளா, அழுகிறாளா தெரியவில்லை. துணி மட்டும் குலுங்கியது. நான் கேட்கவில்லை.

பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. பழனியம்மாள் சாப்பிட்டு முடித்துக் கூடையோடு போய்விட்டார். பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள். தம்பி ஹம்மாக்கைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். கடைசியில் பொறுக்க மாட்டாமல், ரொம்பப் பணிவாகக் கேட்டான்.

"கவிதா... மணி ரெண்டாகுது. சாப்பாடு?"

துணிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஹாட் பாக்ஸ்ல இருக்குதுங்க. பசங்களுக்கும் போட்டுக் குடுத்துட்டு நீங்களும் சாப்பிடுங்க. நான் இப்ப இறங்கறதா இல்லை."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் தம்பியிடம் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் போட்டுவைத்த சேரில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன்.

"எனக்கும் ஒரு தட்டு கொண்டா. கொஞ்சம் தாராளமாவே போடு!"